தண்ணி காட்டிய வீடு

"டீயை அப்படியே வெச்சுட்டுப் போ. எனக்கு வேண்டாம்."

பெரியவன் இதைச் சொன்னபோது மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, ஏற்கெனவே வாரிய தலையை மறுபடியும் வாரிக்கொண்டிருந்தான். வாருவதற்கு அங்கே அவ்வளவு முடி இல்லை என்பது வேறு விஷயம்.

டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பெரியவள் அங்கேயே நின்றாள். டவுனுக்குப் போன முந்திரிப் பருப்பு லோடு திரும்பி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமனார் மாமியார் போன பிறகு வீட்டில் மிச்சமிருந்தது அண்ணன், தம்பி, அவர்களுடைய மனைவிமார். ஊர் வைத்த பெயர்தான் வீட்டுக்குள்ளும். பெரியவன், பெரியவள், சின்னவன், சின்னவள்.

"காலையிலேயே சங்கத்துல கூட்டம் கூட்டியிருக்காங்க. நீங்களும் வர்றீங்கல்ல?"

"வராம? நான் வந்தாத்தானே வேடிக்கை களைகட்டும்! 'அதோ அக்கா வீட்டுக்காரர் வந்துட்டாரு'ன்னு சொல்றதுக்கு ஆள் வேண்டாமா?"

'அக்கா வீட்டுக்காரர்' என்ற சொல்லை அவன் கசப்பு மருந்தைத் துப்புவதுபோலத் துப்பினான். பெரியவளுக்குச் சுருக்கென்றது. முந்திரி ஷெட்டில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் அவளை அக்கா என்பார்கள். அதனால் அவன் அக்கா வீட்டுக்காரர். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் தன் பெயர் சொல்லி வணக்கம் வைத்த ஊர் இப்போது மனைவி பெயரால் வணக்கம் வைக்கிறது என்பது அவனுக்குள்ளே எங்கோ முள்ளாகத் தைத்திருக்கிறது. அவள் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தாள். பாவி மகள், புருஷன் மனதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நன்றாகப் படிப்பாள்!

அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் துண்டு துண்டாக முந்திரித் தோப்பு. காலங்காலமாகக் கொட்டையைப் பொறுக்கி, மூட்டை கட்டி, அப்படியே வியாபாரிக்குப் போடுவார்கள். அவருக்கு ஊரில் தேன்வாய் என்று பெயர். பேச்சு அப்படி; தராசு வேறு மாதிரி. எடையில் அவர் அடிப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் இவர்களும் மூட்டை கட்டும் முன் கொட்டையின் மேல் குழாயைப் பிடித்துக் கொஞ்சம் நனைத்துவிடுவார்கள். அதற்கு ஊரில் 'தண்ணி காட்டுறது' என்று பேர். தேன்வாய்க்குத் தண்ணி காட்டியதைப் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

பெரியவள் ஒரு காலத்தில் அந்தத் தேன்வாயின் ஆலையில்தான் கூலிக்குக் கொட்டை உடைத்தாள். சின்னவனின் படிப்புச் செலவுக்கு வேறு வழியில்லை என்று போனவள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் வெந்து வழுவழுத்துவிட்டது. பாங்கில் விரல் வைத்தால் மிஷின் அவளை அடையாளமே கண்டுகொள்ளாது. ஆனால் அங்கேதான் அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். கொட்டையாக வந்தது பருப்பாக வெளியே போகும்போது அதன் மரியாதையே வேறு. நடுவில் நடக்கும் வேலை என்ன? வேக வைப்பது, உடைப்பது, காய வைப்பது, தோலை உரிப்பது, தரம் பிரிப்பது. அத்தனையையும் செய்வது தன்னைப்போன்ற பெண்கள். பிறகு லாபம் மட்டும் ஏன் தேன்வாய் வீட்டு மாடியாக ஏறுகிறது?

வீடு வீடாக ஏறி இறங்கினாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரைப் பிடித்துத் தலைவராக்கினாள். சங்கம் பிறந்தது; வீட்டுக்கு ஓர் உறுப்பினர். ஷெட்டுக்கு வாடகை தர வழியில்லாமல் முழித்தபோது தன் கையில் கிடந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்தவளும் அவள்தான். அதை அவள் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. மொட்டைக் கை சொல்லிவிட்டது.

ஷெட்டுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தாள். எந்த வீட்டு மூட்டையாக இருந்தாலும் அதன் வயிற்றிலிருந்து கொட்டைகளை எடுத்து வெட்டிப் பார்க்காமல் உள்ளே வராது. உள்ளே ஈரம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவாள்; மறைத்து நுழைத்தது பிறகு தெரிந்தால் அந்த வீட்டுக்கு அந்தப் பருவம் முழுக்கச் சங்கத்தில் இடமில்லை. முதல் நாளே கிணத்து வீட்டம்மா மாட்டிக்கொண்டாள். புருஷனை இழந்து, தோப்பையும் வாயையும் நம்பிப் பிழைக்கிறவள். ஊர் பார்க்க மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனபோது அவள் விட்ட வசவு அடுத்த தெருவரை கேட்டது. பிறகு காய வைத்து, தானே சிரித்துக்கொண்டு கொண்டுவந்தாள்.

அப்படிப்பட்ட சட்டம் இருந்தும், முதல் லோடு பருப்பு டவுனிலிருந்து திரும்பி வந்துவிட்டது! பருப்பின் மேல் கறுப்புப் புள்ளி, மூக்கருகே கொண்டுபோனால் பூஞ்சை வாடை. ஈரக்கொட்டையைச் சேர்த்து அடைத்தால்தான் அப்படி ஆகும். எல்லா வீட்டுக் கொட்டையும் ஒன்றாகக் கலந்து வெந்த பிறகு யாருடைய ஈரம் என்று எப்படிச் சொல்வது? அவனாக இருக்குமோ, இவனாக இருக்குமோ என்று ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டை முறைத்தது. நேற்று தெருவில் கூடிநின்று கத்தியபோது பெரியவன் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை இதுதான். "ஷெட்டுச் சாவி அவகிட்ட. அவளையே கேளுங்க!"

கட்டியவனே கைகாட்டிவிட்டான். அதற்குப் பிறகு ஊருக்குச் சொல்ல வேண்டுமா?

இரவெல்லாம் அவள் தன்னைத்தான் நொந்துகொண்டாள். என் கண்தான் ஏமாந்துவிட்டதோ... ஏதோ ஒரு மூட்டையைச் சரியாகப் பார்க்காமல் விட்டேனோ... பார்க்காமலே விட்டது ஒரு வீட்டு மூட்டை மட்டும்தான். அது தன் வீட்டு மூட்டை. அதைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

பின்கட்டில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தபோது சின்னவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக வேலை நேரத்தில் தலைவலி வரும் பெண். இன்று தானாக வந்து ஒரு தட்டை எடுத்தாள், தேய்க்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்னடி? அவன் ஏதாவது சொன்னானா?"

"அக்கா... என்னால பொறுக்க முடியல. சொன்னா என் புருஷன் என்னை வெட்டிப் போட்டுருவாரு. சொல்லலைன்னா நான் மனுஷியே இல்ல..."

"சொல்லு."

"நம்ம வீட்டு மூட்டைக்கு... தண்ணி காட்டினாங்க அக்கா."

பெரியவளின் கையிலிருந்த குண்டான் நழுவிக் கல்லில் மோதியது.

"யாரு?"

"அவருதான். நான் தடுத்தேன். சங்கத்துக்குமா இதைச் செய்வீங்கன்னு கேட்டேன். சும்மா இரு, எடை கொஞ்சம் நிக்கும்னாரு..." சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரு மூட்டையைப் புரட்டினாரு. குழாயைப் பிடிச்சது பெரிய மாமா அக்கா!"

பெரியவளுக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே கண்முன் வந்து நின்றது. ஷெட்டு வாசலில் கூட்டம். சின்னவன் வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்குகிறான். அவள் வெட்டுக்கத்தியை எடுக்கிறாள். அவன் அவள் காதருகே குனிந்து, கொஞ்சலாக, "அண்ணி... நம்ம வீட்டு மூட்டையை நீங்களே நம்பலைன்னா ஊரு சிரிக்காதா?" என்கிறான். சட்டையைக்கூட அவள் மாட்டிவிட்டு வளர்த்த பிள்ளை. அவள் சிரித்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அப்போது பக்கத்தில் நின்ற பெரியவன்? அவனும் சிரித்தான்.

கையைக்கூடக் கழுவாமல் கூடத்துக்குப் போனாள். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் பின்னால் அழுதுகொண்டு வந்த மனைவியைப் பார்த்ததுமே சின்னவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணி... கோபப்படாதீங்க... நான் சொல்றதைக் கேளுங்க..."

"உன்கிட்ட அப்புறம் வரேன்." அவள் கணவனைப் பார்த்தாள். "ஏங்க, குழாயைப் பிடிச்சீங்களா?"

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? காலங்காலமா எல்லாரும் பண்றதுதானே! வியாபாரிக்குப் போடும்போது நீயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"வியாபாரி நம்மகிட்ட திருடினான், நாம அவன்கிட்ட திருடினோம். சரி. சங்கத்துல யாரு இருக்கா திருட? கிணத்து வீட்டம்மாகிட்டயா? போஸ்ட்மாஸ்டர்கிட்டயா? என்கிட்டயா?"

"பருப்பு இப்படிப் போகும்னு யாருக்குத் தெரியும்! கொஞ்சம் எடை நிக்கட்டும்னு பார்த்தேன், அவ்வளவுதான்."

"அது பழக்கதோஷம்னு வெச்சுக்கறேன். மன்னிச்சும் விடறேன். நேத்து தெருவுல என்னைக் கைகாட்டினீங்களே... அது எந்தப் பழக்கம்?"

பெரியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கோபத்துல வாய் தவறி வந்துடுச்சு அண்ணி," என்று சின்னவன் குறுக்கே வந்தான்.

"வாய் தவறி வந்த வார்த்தையா? ராத்திரி பூரா பக்கத்துல படுத்திருந்தாரேடா! நான் தலையணையை நனைச்சுக்கிட்டு, என் கண்ணே அவிஞ்சுபோச்சான்னு புலம்பினேன். 'அழாதடி, தப்பு உன்னோடது இல்ல'ன்னு ஒரு வார்த்தை... இருட்டுலகூடச் சொல்ல முடியலையா உங்க அண்ணனுக்கு?"

சின்னவன் சட்டென்று அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, இந்த ஒரு தடவை. கவனக்குறைவா விட்டுட்டேன்னு நீங்க சொல்லிடுங்க. உங்க மேல இருக்கற மரியாதைக்கு நாலு நாள் பேசிட்டு மறந்துடுவாங்க. எங்க பேரு வந்தா நாங்க தெருவுல நடக்க முடியாது. எனக்காக எவ்வளவோ செஞ்சீங்க..."

"செஞ்சேன். இதையும் செஞ்சுடுவேன்டா. ஆனா யார் வீட்டு ஈரம்னு தெரியாம இன்னைக்குக் கூட்டம் கலைஞ்சா, இனி எந்த வீடும் எந்த வீட்டையும் நம்பாது. தேன்வாய் தெருமுனையில லாரியை நிறுத்திக் காத்துக்கிட்டிருக்கான். சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் பழையபடி அவன் தராசுல போய் நிப்பாங்க. அத்தனை பொம்பளைங்க சோத்துல நான் எப்படிடா மண்ணள்ளிப் போடுவேன்?"

"அப்ப என் பேரைச் சொல்லப்போறியா?" என்றான் பெரியவன். அவன் குரலில் முதல்முறையாகப் பயம் இருந்தது.

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "உங்க பேரை என் வாயால சொல்ல மாட்டேன். உங்களுக்கு வாய் இருக்கு."

ஷெட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். திரும்பி வந்த பருப்புப் பெட்டிகள் நடுவில் கிடந்தன. வேக வைக்கும் அடுப்பு அணைந்து கிடக்க, உடைக்கும் மிஷின்கள் எல்லாம் வரிசையாகச் சும்மா நின்றன. பெரியவள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. தினமும் அவளுக்கு வழிவிட்டு, சிரித்து, "வாங்கக்கா" என்கிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கிணத்து வீட்டம்மாதான் முதலில் வெடித்தாள். "என் மூட்டையைத் திருப்பி அனுப்பினப்ப எப்படிப் பேசினே! ஒரு சொட்டு ஈரம் உள்ள வரக்கூடாதுன்னே. உன்னை நம்பினேனே! எங்களை எல்லாம் வெட்டி வெட்டிப் பார்த்துட்டு, யாருக்குடி கண்ணை மூடினே?"

"எங்க வீட்டுக்கு," என்றாள் பெரியவள்.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"உங்க மூட்டை ஒண்ணுலயும் ஈரம் இல்ல. நான் வெட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன், அடிச்சுச் சொல்வேன். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படாதீங்க. வெட்டாம உள்ள விட்டது எங்க வீட்டு மூட்டையை மட்டும்தான். என் வீடுதானேன்னு கத்தியைக் கீழ வெச்சேன். அந்தத் தப்பு என்னோடது."

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத்தியைக் கீழ வெச்சது நீங்கம்மா. தண்ணி காட்டினது யாரு?"

கூட்டத்தின் ஓரத்தில் தூணில் சாய்ந்து நின்ற கணவனைப் பார்த்தாள். சொல்லுங்களேன்... ஒரே ஒரு வார்த்தை... இத்தனை வருஷம் உங்களோடு வாழ்ந்ததற்கு அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும் என்று அவள் மனம் கதறியது. பெரியவன் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தான். அங்கே என்ன எழுதியிருந்ததோ!

"நான்தான்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தது சின்னவன். "அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் செஞ்சேன். நான்தான் அவங்களை வெட்ட விடாம பண்ணேன். என்னை என்ன வேணா செய்யுங்க, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க!"

"தனியாவா?" என்றார் போஸ்ட்மாஸ்டர். "மூட்டையைப் புரட்ட ஒருத்தர், குழாயைப் பிடிக்க ஒருத்தர் வேணுமேப்பா."

சின்னவன் மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கூரையை விட்டுக் கண்ணை இறக்கவே இல்லை. தம்பியின் முகம் வாடிப்போனது. "தனியாத்தான்," என்றான்.

பெரியவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது. என்னைத்தான் விட்டுக்கொடுத்தாய் என்றால், கூடப் பிறந்தவனையுமா? அவள் போய்ச் சின்னவனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழாதடா... சொல்லிட்டே இல்ல... அது போதும்டா," என்று முதுகைத் தடவினாள். வளர்ந்த ஆண்பிள்ளை அத்தனை பேர் நடுவில் விம்மி விம்மி அழுதான்.

சங்கம் கலையவில்லை. கெட்ட பருப்பைப் பொறுக்கித் தள்ளிவிட்டு நல்லதை மறுபடி அனுப்புவது என்று முடிவாயிற்று. தெருமுனை லாரி காலியாகவே திரும்பிப்போகும் என்பது உறுதியானது. கூடவே போஸ்ட்மாஸ்டர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். தண்ணி காட்டிய வீட்டை இந்தப் பருவம் முழுக்கச் சங்கத்தில் சேர்க்க முடியாது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தைப் போட்டவள் தலையை ஆட்டினாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "சரிதாங்க. நானும் அந்த வீட்டு ஆள்தானே. வரேன்."

வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

"எங்கடி போறே?" கிணத்து வீட்டம்மாவின் கண் சிவந்திருந்தது. "என் வீட்டுல நான் ஒண்டிக்கட்டை. இன்னைலேருந்து நீ என் வீட்டு ஆளு. தலைவரே, எழுதிக்குங்க! எவன் இல்லைன்னு சொல்றான்னு பார்க்கறேன்!"

யாரும் மறுக்கவில்லை. பெரியவளால்தான் அதைத் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அந்த வசவுக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொட்டித் தீர்ந்தது.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. சின்னவள்தான் மாற்றுச் சேலைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்றவர்கள் ஷெட்டில் பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருக்க, பெரியவள் கிணத்து வீட்டு வாசலில் ஒரு முறத்தை மடியில் வைத்துத் தன் பங்கைப் பொறுக்கினாள். வெயில் தாழ்ந்த நேரத்தில் கேட்டருகே நிழல் விழுந்தது.

"வா, வீட்டுக்குப் போகலாம்," என்றான் பெரியவன்.

அவள் நிமிரவில்லை.

"என் பேரைச் சொல்லாம காப்பாத்திட்டே. பெரிய மனசு உனக்கு..."

"நான் உங்களைக் காப்பாத்தலைங்க." புள்ளி விழுந்த பருப்பு ஒன்றை எடுத்து எறிந்தாள். "நீங்களா சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். கடைசி நிமிஷம் வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். சின்னப்பய சொல்றான்... நீங்க கூரையைப் பார்க்கறீங்க. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விட்டுப்போச்சு."

"என்னை என்னன்னு நினைச்சே? ஊரே உன் பின்னால வருது. நான் வெறும்... உன் வீட்டுக்காரன். அத்தனை பேர் முன்னால நான் எப்படி..." அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெம்பு இல்லடி."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலையில் வாரிய தலை கலைந்திருந்தது. கண்கள் நனைந்திருந்தன. இந்த மனிதனோடு இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறாள். அவன் உள்ளே இவ்வளவு சிறுத்துப் போயிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அதற்காக இரக்கம் வந்தது. ஆனால் கோபம் போகவில்லை.

"குழாயைப் பிடிச்சது யாருன்னு அங்க போய்ச் சொல்லுங்க. உங்க தம்பி தனியா சுமக்கறான். சொன்ன பிறகு வீட்டைப் பத்திப் பேசுவோம்."

பெரியவன் நின்றான். இடது பக்கம் போனால் வீடு, வலது பக்கம் போனால் ஷெட். கேட்டின் கம்பியிலிருந்து கையை எடுத்தான். பிறகு அவன் வலது பக்கம் திரும்பி நடந்தான். தெருவில் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் அவனுக்கு வணக்கம் வைக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.

பெரியவள் முறத்தை இறக்கி வைத்தாள். போகட்டும், தனியாக நின்று பார்க்கட்டும், நான் நின்றேனே என்று மனம் சொன்னது. நியாயமாகத்தான் சொன்னது. ஆனால் கால் செருப்பைத் தேடியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நடுவில் நின்றுகொண்டு வாயைத் திறந்தான், மூடினான். அவள் பெண்களை விலக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "நான் இங்கதான் நிக்கிறேன்."